வலி தெரியாத களிம்பு

குளியல் பொடியும் களிம்பும் விற்கிற தொழிலில் சரக்கு தீர்ந்துபோனால்கூடச் சமாளித்துவிடலாம். வாங்குகிறவருக்கு நம்மேல் நம்பிக்கை கூடிப்போனால் சமாளிப்பது கஷ்டம். வீட்டுச் சமையலறையிலேயே எண்ணெய் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி விற்கிற என் இனத்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். என் களிம்பை நம்பிய தணிகாசலம் என்கிற மனிதர் ஒரு காலையே இழக்கப் பார்த்தார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வைத்தியன் இல்லை. பணிமனை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கமலாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, இரண்டு வருஷம் டயாலிசிஸ் நடந்தது. அந்த இரண்டு வருஷமும் உடம்பெல்லாம் அரிப்பு. சோப்புப் பட்டால் எரிகிறது என்பாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பச்சைப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு எல்லாம் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன். பழைய புத்தகங்களைப் படித்தும், கடலூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரை நச்சரித்தும் கற்றுக்கொண்டது. சிறுநீரகத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை. அரிப்புக் குறைந்தது, தூங்கினாள், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு மிச்சமிருந்த பொடியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர்களே காலி டப்பாவோடு வந்து நின்றார்கள். நெய்வேலி டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே இருக்கும் என் வீட்டின் முன்னறை கடையாகிவிட்டது. டப்பாவில் ஒட்டுகிற சீட்டில் 'தோலுக்கு மட்டும்' என்று நானே கைப்பட எழுதுவேன். தபால்காரர் ஒருநாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "தோலுக்கு மட்டும்னா, அதுக்குள்ள இருக்கிறது எதுவும் உங்க பொறுப்பு இல்லன்னு அர்த்தமா சார்?"

ஈரத் துண்டு

டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக நானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நெய்வேலியில் வீட்டுக்கு வீடு பொருள் விற்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது சரக்கின் குணமல்ல, வீட்டுக்காரரின் ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் காலை பத்து மணிக்கு நடு உறக்கத்தில் இருப்பார். அப்போது பெல் அடித்தவன் அந்த வீட்டுக்கு மறுபடி எதையும் விற்க முடியாது. புவனா என்று ஒரு அம்மா, வீட்டிலேயே துணி தைப்பவர். கணவர் உறங்குகிற நாட்களில் கேட்டில் ஒரு ஈரத் துண்டைக் கட்டி வைப்பார். அதன் பொருள் தெரியாமல் முதல் தடவை நான் பெல்லை அழுத்திவிட்டேன். லுங்கியோடு வந்து நின்ற மனிதர் துண்டைச் சுட்டிக்காட்டி முறைத்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். எந்த வீட்டில் யார், இந்த வாரம் என்ன ஷிப்ட், அடுத்த வாரம் எதற்கு மாறுவார் என்று எல்லாம் எழுதி வைத்தேன். கடைக்கு வருகிறவர்களின் ஷிப்ட்டையும் பேச்சுவாக்கில் கேட்டு எழுதிக்கொள்வேன். சில மாதங்களில் என் நோட்டு பிளாக் முழுக்கப் பெயர் வாங்கிவிட்டது. ஒரு நாள் புவனாவின் பக்கத்து வீட்டு அம்மா என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்க வூட்டுக்காரரு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட்டுன்னு சொல்லிகினு இருக்காரு. உங்க நோட்ல என்னான்னு போட்டிருக்கு?"

ஒரு பாக்கெட் மட்டும் திரும்பவில்லை

பொடிச் சாமான்களை மாடியில் பழைய வேட்டிகளை விரித்துக் காயவைப்பது வழக்கம். ஒரு தடவை ஆர்டர் அதிகம், வேட்டி போதவில்லை. கூட வேலை பார்த்த பழைய நண்பரிடம் ஒரு தார்ப்பாய் இரவல் வாங்கினேன். கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்றார். நானும் ஒரு முறை கழுவினேன். ஆனால் அதற்கு முன் அது என்ன வேலை பார்த்தது என்று இருவருமே யோசிக்கவில்லை. லிக்னைட் கரியை மூடி வைத்திருந்த தார்ப்பாய். மடித்துத் தைத்த ஓரங்களில் இருந்த கரி, வெயில் ஏற ஏற உதிர்ந்து பயறோடு கலந்துவிட்டது. மாவு மில்லின் அரைவெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு பாக்கெட் கொடுத்து முடித்து, பதின்மூன்றாவதைக் கட்டும்போதுதான் பொடி சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன்.

நோட்டைப் பார்த்துப் பார்த்து, யாரும் உறங்காத நேரமாக வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கினேன். பதினொன்று வந்துவிட்டது. புவனா மட்டும் பாக்கெட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார். தப்பு நடந்துவிட்டது, இது தார்ப்பாய்க் கரி, முகத்தில் பூசுகிற பொருளல்ல என்று எவ்வளவோ சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. விலையை ஏற்றப் போகிறேன், அதனால்தான் திரும்பக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "டிவியில கரி போட்ட ஃபேஸ்வாஷ்னு தெனம் காட்டுறான். அதையே நீங்க செஞ்சிருக்கீங்க, அப்புறம் ஏன் சார் மறைக்கிறீங்க?"

நகம்

தணிகாசலத்தின் மனைவி அஞ்சலை எனக்கு முதலில் பழக்கம். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் மஞ்சளும் சேர்த்து நான் காய்ச்சுகிற களிம்பை அதற்காக வாங்குவார். பித்தவெடிப்புக்கென்று செய்தது அது. கைக்கும் இதமாக இருக்கிறது என்றார்.

அவர் ஒருநாள் தன் தம்பி குமரவேலைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பதை நெருங்குகிறவர், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்கள், அதற்குள் நக இடுக்கில் இருக்கும் கரி போக வேண்டும் என்றார் அஞ்சலை. வெந்நீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தடவச் சொன்னேன். முகத்துக்கு ஏதாவது வேண்டாமா என்று கேட்டதற்குக் குமரவேல் சிரித்தார். நிரந்தர வேலையில் இல்லை என்பது பெண் வீட்டுக்குத் தெரியாதா என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுக்குத் தெரியும், அவங்கப்பாவுக்கும் தெரியும் சார். அவங்க சித்தப்பா ஒருத்தரு பர்மனெண்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு மொகத்தப் பாக்கமாட்டாரு, நெகத்தத்தான் பாப்பாரு."

ஆணி

தணிகாசலத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். அவரும் காண்ட்ராக்ட்தான். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப் பக்கம் வேலை, எட்டு மணி நேரம் ரப்பர் கம்பூட்டோடு தண்ணீரில் நிற்க வேண்டும். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. மனைவியின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தவர், பிறகு தனக்கென்று மாதம் ஒரு டப்பா வாங்க ஆரம்பித்தார். முதல் ஷிப்ட் வாரங்களில் வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்கு வருவார். சில மாதங்களில் மாதம் ஒன்று என்பது வாரம் ஒன்றாகிவிட்டது. ஒரு மனிதனின் இரண்டு குதிகால்கள் அவ்வளவு களிம்பைத் தின்னாது. காலைக் காட்டுங்கள் என்றால் அடுத்த தடவை என்பார்.

ஒருநாள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாதாரணமாகத்தான் நடந்து வந்தார். தரையில் பார்த்தேன். அவர் வலது கால் பட்ட இடத்திலெல்லாம் பொட்டு வைத்ததுபோல் சிவப்பு. வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்துப் பார்த்தால், அடியில் குத்திய ஆணி ஒன்று அரை விரல் நீளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து அதன் மேல் மிதித்தே வந்திருக்கிறார்.

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஆணி குத்திய ஓட்டை ஒன்று. அதை ஒட்டி, இரண்டாவது விரலுக்கு அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் ஒன்று. அதற்குள் என் களிம்பை அப்பி அடைத்திருந்தார். கமலாவோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களில் இப்படிப்பட்ட கால்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஏறி உணர்ச்சி போன கால்கள். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றேன். அவர் முகம் மலர்ந்து சொன்னார்: "அதான் சார் உங்க களிம்பு. ஆணி ஏறினதுகூடத் தெரியல பாருங்க, வலியே இல்லாம பண்ணிடுச்சி."

திடீர் கிராக்கி

அடுத்த வாரம் முன்பின் தெரியாத நாலு பேர் கடைக்கு வந்து 'வலி தெரியாத களிம்பு' கேட்டார்கள். தணிகாசலம் வேலை செய்யும் இடத்தில் சொல்லியிருக்கிறார். விளம்பரத்துக்கு ஆசைப்படாத வியாபாரி உண்டா? ஆனால் அந்த நாலு பேரையும் முதலில் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டச் சொல்லி அனுப்பினேன். களிம்பு டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். சர்க்கரை பார்த்த சீட்டைக் காட்டினால்தான் இனி டப்பா என்று தணிகாசலத்திடம் சொல்லிவிட்டேன். அவர் போக மறுத்தார். சுரங்கத்துக்குள் விடுகிற கேட் பாஸைப் புதுப்பிக்கிற நேரம், சர்க்கரை என்று எங்கேயாவது எழுதிவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயம். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சர்க்கரை இருக்குமோ என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து, மூன்று வருஷமாக அந்தப் பயத்தோடுதான் இருந்திருக்கிறார்.

இதற்கிடையில் குமரவேல் வந்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண்ணுக்குக் கொடுக்க இரண்டு டப்பா களிம்பு வேண்டும் என்றார். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன், ஒரு பாக்கெட் குளியல் பொடியும் சேர்த்து. பத்து நாள் கழித்து அஞ்சலை தன் கைக்குத் தேங்காயெண்ணெய் வாங்க வந்தபோது, கல்யாணப் பெண்ணுக்குக் களிம்பு பிடித்திருந்ததா என்று கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுக்கா? ரெண்டு டப்பாவும் எங்கூட்டுக்காரரு கால்லதான் சார் கெடக்குது."

நல்ல ரிப்போர்ட்

அதற்கு அடுத்த வாரம் தணிகாசலமே வந்தார். கையில் லேப் சீட்டு. பெயர் அவர் பெயர், வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை அளவு இருபது வயதுப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. வீணாகப் பயந்தோமே, புண்ணுக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே டப்பா எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்து சீட்டை இன்னொரு முறை பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை. என் நோட்டை எடுத்தேன். அந்த வாரம் அவர் முதல் ஷிப்ட். ஆறு மணிக்கெல்லாம் உள்ளே போயிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. மச்சான் பெயரில் குமரவேல் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். நான் டப்பாவை மேசைக்குள் வைத்து மூடினேன். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் அவனுதுதான் சார், ஒத்துக்கறேன். ஆனா காலு என்னுது. எனக்கே வலிக்கல, உங்களுக்கு ஏன் வலிக்குது?"

பாஸ்

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கில்லை. பேச்சும் அதிகம் வராது. ஆனாலும் அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தணிகாசலம் வெளியே போயிருந்தார். அஞ்சலை மட்டும் இருந்தார். வாசலில் நின்றபடியே, யாரிடமும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் பொடியால் கமலாவுக்கு அரிப்பு நின்ற முதல் மாதம், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நானே நம்பிவிட்டேன். தோல் நன்றாக இருந்ததைப் பார்த்து உள்ளேயும் நன்றாகிவிட்டது என்று நினைத்தேன். டயாலிசிஸைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்றுகூட டாக்டரிடம் கேட்டேன். அவர் திட்டினார், அதனால் தள்ளிப்போடவில்லை. இங்கே திட்ட ஆளில்லை, நீங்கள்தான் திட்ட வேண்டும் என்றேன். அஞ்சலை உள்ளே போனார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் கணவரின் கேட் பாஸை எடுத்து மடியில் செருகிக்கொண்டுவிட்டார். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் போக முடியாது. வீடு முழுக்கத் தேடி, பஸ்ஸையும் விட்டுவிட்ட மனிதரைக் கடலூருக்கு வண்டி ஏற்றினார். எனக்குப் போன் வந்தது, நானும் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது அந்த இரண்டாவது விரல் கறுத்திருந்தது. சர்க்கரை எக்கச்சக்கம். விரலை எடுத்தாக வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் விரலோடு போயிருக்காது என்றார். தணிகாசலம் அப்போதும் காலை இழுத்துக்கொண்டு, இன்று ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள், பாஸைக் கொடு என்றே மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை மடியைத் தட்டிக் காட்டினார். "பாஸு இங்கதான்யா இருக்குது, எங்கயும் ஓடிப்போவல. கால டாக்டருகிட்ட காட்டு. கால் இருந்தாத்தான் இத எடுத்துகினு கேட்டுக்குள்ள நடந்து போவ."

ஒரு டப்பா

விரல் போயிற்று, கால் தங்கியது. இரண்டு மாதம் கழித்து அவருடைய மேஸ்திரியிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, இதற்கா பயந்தாய் என்று சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினாராம். பம்ப் ஓடுகிற நேரத்தைக் குறித்து வைக்கிற, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுத்தார். பாஸும் புதுப்பித்துக் கிடைத்தது.

குமரவேலின் கல்யாணத்துக்கு மறுவாரம் தணிகாசலம் கடைக்கு வந்தார். டாக்டர் சொன்ன மெத்தைச் செருப்பு, வெள்ளைக் காலுறை. அடியை எடுத்து வைக்கும்போது முதல் தடவையாகத் தரையைப் பார்த்து நடந்தார். இடது குதிகாலில் வெடிப்பு இருக்கிறது, களிம்பு வேண்டும் என்றார். போடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றேன். உங்கள் கையால் செய்ததற்கு எதற்கு இன்னொருவர் சீட்டு என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துப் புரட்டினேன். கண்ணாடி அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "வெரலையே குடுத்துட்டு வந்து நிக்கிறேன் சார், நீங்க ஒரு டப்பா குடுக்க இவ்ளோ யோசிக்கிறீங்க."

நெய்வேலியில் எனக்குக் கைராசி உண்டு என்று இன்றைக்கும் நாலைந்து பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் அத்தனை பேரும் நான் சரக்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர்கள்.